தானாக அணைய வேண்டிய விளக்கு

பிப்ரவரி 9, திங்கள்

வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்துவிட்டது. அப்பா எங்களை வாசலுக்குக் கூப்பிட்டுச் சாவியைத் திருப்பிக் காட்டினார். டாஷ்போர்டில் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்தன; என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக அணைந்தன. போன வாரம் முழுக்க எரிந்துகொண்டிருந்த, என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் அணைந்தது.

"பார்த்தியா? எரியணும், அப்புறம் அடங்கணும். அடங்கிடுச்சு" என்றார், ஏதோ அவரே பழுது பார்த்தது போல. பிறகு குரலை இறக்கி, "மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து வாங்கின வண்டி! இன்னொரு தடவை எரியட்டும், போன் போட்டுக் கேக்கறேன்" என்றார். அம்மா உடனே உள்ளே போய்விட்டாள்.

ஒர்க்‌ஷாப்காரரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பட்டம் அவரே கொடுத்துக்கொண்டது என்று நினைக்கிறேன். ஒரு சென்சாரை மாற்றி, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த பிழையை அழித்தாராம். "மெமரியைச் சுத்தமா துடைச்சுட்டேன் சார், இப்ப அது பச்சைக் குழந்தை" என்றாராம்.

துடைச்சுட்டேன். அந்தச் சொல்தான் உறுத்துகிறது. நான் பாடப்புத்தக அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். பிழையைத் திருத்துவது வேறு, பிழை இருந்த இடத்தில் வெள்ளை பூசுவது வேறு. வெள்ளை பூசிய பக்கம் பார்க்க இன்னும் அழகாகவே இருக்கும்.

சனிக்கிழமை அக்கா வருகிறாள். எட்டாவது மாதம். பிரசவம்வரை இங்கேதான். அத்தானுக்கு வேலை வெளியூரில், ஞாயிறுகளில் வந்து போவார். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். இந்தப் பழைய காரை நாங்கள் வாங்கியதே அதற்காகத்தான். அது நடுவழியில் நிற்காமல் ஓட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பிப்ரவரி 14, சனி

அக்கா வந்துவிட்டாள். நடை மாறியிருக்கிறது, நாக்கு மாறவில்லை. என் அறையைப் பார்த்துவிட்டு, "இத்தனை புத்தகத்துக்கு நடுவுல நீ எங்கடி படுக்கறே, அலமாரியிலயா?" என்றாள்.

ரயில் நிலையத்திலிருந்து வரும்போது அத்தான் முன்னிருக்கையில் உட்கார்ந்தார். பெல்ட் போடுவதற்கு முன், பையை மடியில் வைத்துக்கொள்வதற்கு முன், அவர் கண் போனது டாஷ்போர்டுக்கு. அப்பா சாவியைத் திருப்பினார்; விளக்குகள் அணையும்வரை அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் மூச்சு விட்டார்.

ஏன்? மஞ்சள் விளக்கு எரிந்த கதையை யாரும் அவரிடம் சொல்லவில்லையே.

பிப்ரவரி 18, புதன்

எரிகிறது.

காலையில் அப்பா என்னைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிடும்போது பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்கிறவர், வண்டி ஓட்டும்போது கிட்டத்தில் பார்க்கிற தன் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். போன தடவையும் நான்தான் காட்டினேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

மாலையில் சமையலறையில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "நீ எதையாவது பார்த்திருப்பே. அப்பா காதுல போட்டுடாதே" என்றாள். கூடத்தில் அக்கா போனில் அத்தானிடம் பேசிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்குமோ?

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அத்தான் வந்து நின்றார். அக்கா மறந்து வைத்துவிட்டு வந்த பரிசோதனைக் காகிதங்களைக் கொண்டுவந்தாராம். வாரத்தின் நடுவில், இத்தனை தூரம், அதற்காகவா?

பிப்ரவரி 19, வியாழன்

இல்லை. விளக்கு இல்லை!

காலையில் அத்தான் ஊருக்குக் கிளம்புமுன் காரைத் துடைத்தாராம். அக்கா பெருமையாகச் சொன்னாள். மாலையில் நானே சாவியைப் போட்டுப் பார்த்தேன். எரிந்தது, அடங்கியது, சுத்தம். ஆனால் நின்ற இடத்தில் என்ஜின் குலுங்குகிறது. "சிக்னல்ல ரெண்டு தடவை ஆஃப் ஆயிடுச்சு. காலையிலேருந்து இருமிக்கிட்டே இருக்கு" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அக்கா வயிற்றைப் பார்த்தார். பிறகு ரேடியோவைத் திட்டினார். அவர் பதிந்து வைத்த நிலையங்கள் ஒன்றுகூட இல்லையாம்.

விளக்கு எரிந்தபோது ஒழுங்காக ஓடிய வண்டி, விளக்கு அணைந்தபின் இருமுகிறது. இது என்ன நோய்?

பிப்ரவரி 22, ஞாயிறு

அத்தானைச் சந்தேகிக்கிறேன். எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. ஆனால் வேறு எங்கே எழுதுவது?

இந்தக் காரைத் தேடிக் கண்டுபிடித்து, பேசி முடித்துக் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர். "என் பொறுப்பு மாமா" என்று அப்பாவிடம் சொன்னவர். அவர் வரும்போதெல்லாம் முதலில் பார்ப்பது டாஷ்போர்டை. இன்றும் பார்த்தேன்.

அப்பாவிடம் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அத்தான் வாங்கித் தந்த தண்ணீர் மோட்டார் இரண்டே மாதத்தில் புகைந்தது. அப்பா எல்லோர் முன்னாலும், "மாப்பிள்ளையோட லட்சணம் மோட்டார்லயே தெரியுது" என்றார். ஒரே வாக்கியம். அத்தான் சாப்பாட்டில் பாதியில் எழுந்து கை கழுவினார். அதன்பிறகு ஒரு வருடம் அக்கா இந்த வாசலை மிதிக்கவில்லை. அந்த வருடம் முழுக்க அம்மா அக்காவோடு போனில் பேசியது மொட்டை மாடியில், துணி காயப்போடுகிற சாக்கில்.

அப்பா கெட்டவர் இல்லை. யாராவது தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றிவிட்டால் அவருக்கு நாக்கு முந்திக்கொள்ளும். எனக்கும் அதே ரத்தம்தான். எனக்கு நாக்குக்குப் பதில் பேனா.

பிப்ரவரி 25, புதன்

அம்மாவும் அக்காவும் அப்பாவோடு காரில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். அக்கா காலைத் தடவிக்கொண்டே, "வழியில மஞ்சளா ஒண்ணு எரிஞ்சுதே, அது என்னடி?" என்றாள். "பெட்ரோலா இருக்கும்" என்றாள் அம்மா, எனக்கு முந்தி.

பிப்ரவரி 27, வெள்ளி

நேற்று மறுபடி காணாமல் போய்விட்டது. மறுபடி இருமல். அத்தான் ஊரிலேயே இல்லை. அப்படியானால் டாக்டர்.

மதிய இடைவேளையில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவர் ஒரு காரின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார். கழுத்தில், வண்டியின் பிழைகளைப் படிக்கிற ஸ்கேனரின் ஒயரை ஸ்டெதஸ்கோப் போலப் போட்டிருக்கிறார். தற்செயல் என்று நம்ப நான் தயாராக இல்லை.

"எங்க வண்டியில லைட் எரியுது, அப்புறம் தானா அணையுது" என்றேன்.

"அணைஞ்சா நல்லதுதானேம்மா?"

"ரிப்பேர் பண்ணாம எப்படி அணையும்? நீங்க ஏதாவது செட்டிங் வெச்சிருக்கீங்களா?"

அவர் நிமிர்ந்தார். "இருபது வருஷமா தொழில் பண்றேன். லைட் எரியுதுன்னு சண்டைக்கு வருவாங்க. லைட் அணையுதுன்னு சண்டைக்கு வந்த முதல் ஆள் நீதான்." பக்கத்து வண்டியில் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். காது சுட்டது.

"அப்ப யார் அழிக்கறாங்க?"

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றார். ஆனால் அதற்குமுன் ஒரு நொடி தயங்கினார். எதையோ மென்று விழுங்கினார். "வீட்டுல அம்மா சௌக்கியமா?" என்று பேச்சை மாற்றினார்.

சௌக்கியம் என்றேன். அவருக்கு ஏதோ தெரியும்.

மார்ச் 3, செவ்வாய்

நான் வரவழைத்த கருவி வந்துவிட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு செருகுமிடம் இருக்கிறது, அதில் மாட்டினால் வண்டி சொல்வதெல்லாம் என் போனில் தெரியும். ஒரு வாரமாக இதைப்பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். அச்சகத்தில் பக்கத்து மேஜைக்காரி, "கல்யாணப் பையனைப்பத்தி விசாரிக்கறியா?" என்றாள். முகம் அப்படி இருந்திருக்கிறது.

மாலை அப்பா கடையிலிருந்து வந்தபின் மாட்டினேன்.

பிழை எதுவும் பதிவாகவில்லை. சரி. ஆனால் அதற்குக் கீழே, வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள்: முடியவில்லை, முடியவில்லை, முடியவில்லை. அதாவது வண்டி "நான் நலம்" என்று சொல்லவில்லை. "எனக்கு இன்னும் தெரியாது" என்கிறது. விளக்கு எரியாத நேரத்தில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான்.

அதற்கும் கீழே இன்னொரு வரி. கடைசியாக நினைவு அழிக்கப்பட்டபின் ஓடிய தூரம்: பன்னிரண்டு கிலோமீட்டர்.

அப்பாவின் கடை ஆறு கிலோமீட்டர். போக, வர.

இன்று காலையில் அழித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில். டாக்டர் இல்லை, அத்தான் இல்லை. இந்தக் கூரைக்குக் கீழே, நான் தினமும் தட்டை வாங்கிச் சாப்பிடுகிற கைகளில் ஒன்று.

மார்ச் 4, புதன்

அப்பாவா? அவர் என் முன்னால் பார்க்காததுபோல நடிக்கிறாரா? பிரசவம்வரை அக்காவைப் பயமுறுத்த வேண்டாம் என்று?

சாப்பிடும்போது கேட்டுப் பார்த்தேன். "அப்பா, அந்த மஞ்சள் லைட் அப்புறம் வரலையே?"

"வந்தா சும்மா விட்டிருப்பேனா?" என்றார். அந்த முகத்தில் நடிப்பில்லை. அவருக்கு நடிக்கத் தெரிந்திருந்தால் இந்த வீட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

அம்மா இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள், கேட்காமலேயே.

மார்ச் 6, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம்.

இன்று அப்பா மறுபடி ரேடியோவைத் திட்டினார். "வாரத்துக்கு ரெண்டு தடவை எல்லாத்தையும் மறந்து தொலைக்குது." அப்போதுதான் படித்தது ஒன்று நினைவுக்கு வந்தது. அழிக்க ஸ்கேனர் வேண்டியதில்லை. பேட்டரியின் ஒயரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் போதும். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். ரேடியோவும் மறக்கும், கடிகாரமும் மறக்கும்.

ஆனால் காரின் கடிகாரம் நேரம் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் கழற்றியவர், மாட்டியபின் கடிகாரத்தைச் சரிசெய்திருக்கிறார். பொறுமையாக, தடயம் இல்லாமல். ரேடியோ மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

என் போனை எடுத்துக் காரின் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். காரின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடுகிறது.

உலகத்தில் ஏழு நிமிடம் முந்தி ஓடுகிற கடிகாரம் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும். எங்கள் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே. நாங்கள் யாரும் எதற்கும் தாமதமாகக் கூடாது என்று அம்மா பல வருடமாக அதை முந்த வைத்திருக்கிறாள். இந்த வீட்டுக்குள் அவளுக்கு அதுதான் சரியான நேரம்.

நம்ப மாட்டேன். அம்மாவுக்குப் பேட்டரி எங்கே இருக்கிறது என்று தெரியுமா?

மாலை சமையலறையில் ஒரு பொய் சொன்னேன். "அம்மா, லைட் மறுபடி எரியுது." எரியவில்லை. அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ம்" என்றாள்.

மார்ச் 7, சனி

அச்சகத்துக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தேன். பக்கவாட்டுச் சந்தில் நின்றேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

குளியலறையில் அப்பா பாடத் தொடங்கினார். அம்மா பின்வாசல் வழியாக வந்தாள். கையில் அடுப்படித் துணி. முன்மூடியைத் தூக்கி, கம்பியை நிறுத்தி, துணியை விரித்தாள். உள்ளே ஒரு ஸ்பேனர். குழம்பில் உப்புப் பார்ப்பது போன்ற சாதாரணத்தோடு கறுப்பு ஒயரைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு கைகட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"அம்மா."

திடுக்கிடவில்லை. "நேத்து நீ சொன்னப்பவே நினைச்சேன்" என்றாள். "லைட் எரிஞ்சா நீ என்கிட்ட மூஞ்சியைப் பார்த்துச் சொல்வே. நேத்து சுவத்தைப் பார்த்துச் சொன்னே."

"அப்புறம் ஏன் வந்தே?"

"எரியுதோ இல்லையோ, எதுக்கு வம்பு? வாரத்துக்கு ரெண்டு தடவை கழட்டிடறது."

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "யார் சொல்லிக் குடுத்தா?"

"டாக்டர்தான். வண்டி வந்த அன்னைக்கே போன்ல கேட்டேன். முதல்ல முடியாதுன்னார். உங்க பொண்ணா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். ஸ்பேனரைக் குடுத்தனுப்பினார்."

கோபம் வந்தது. "இது விளையாட்டா? உள்ள என்ன பழுதுன்னே தெரியாம நீ அழிச்சிட்டே இருந்தா, ஆஸ்பத்திரி போற வழியில வண்டி நின்னா—"

"வண்டி நின்னா இன்னொரு வண்டி வரும்டி." குரல் உயரவில்லை. "உங்கப்பா ஒரு வார்த்தை சொன்னா, அதுக்கு மாத்து வண்டி எது? போன தடவை ஒரு வருஷம். இந்தத் தடவை அவ வயித்துல புள்ளையோட இருக்கா. லைட் எரிஞ்சா போன் போடுவேன்னு சொன்னாரே, நீ கேக்கலை? நான் கேட்டேன்."

சந்தில் நின்றுகொண்டு அவளுக்கு விளக்கினேன். என்ஜின் ஓட ஓட, நிற்கும்போது எவ்வளவு காற்று வேண்டும், எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறது. ஒயரைக் கழற்றும்போதெல்லாம் கற்றது அத்தனையும் போய்விடுகிறது. மறுபடி கற்கிறவரை தடுமாறுகிறது. சிக்னலில் நின்றுபோவது அதனால்தான். அப்பாவுக்கு வண்டிமேல் சந்தேகம் வளர்வதும் அதனால்தான்.

அம்மா பேட்டரியைப் பார்த்தாள். "அப்ப இருமல் மருந்துன்னு நினைச்சு நான் இருமலையே குடுத்துக்கிட்டிருந்தேனா?"

குளியலறையில் பாட்டு நின்றது. இருவரும் சேர்ந்து ஒயரை மாட்டினோம். கடிகாரத்தை இந்தமுறை நான் வைத்தேன், என் போனைப் பார்த்து.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா கேட்பது இதுதான்: குழந்தை பிறக்கும்வரை வாயைத் திறக்காதே. நான் கேட்பது: குழந்தை பிறக்க வேண்டிய இடத்துக்கு இந்த வண்டி போக வேண்டாமா? ஸ்பேனரை அவள் என்னிடம் கொடுக்கவும் இல்லை, தொடவும் இல்லை.

இத்தனை நாள் வீட்டில் யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடினேன். சண்டை முடிந்த மறுநாள் காலைகளை நினைத்துப் பார்க்கிறேன். எதுவும் நடக்காததுபோல மேஜையில் காபி. "அப்பா உன்னைக் கேட்டார்" என்று எங்களிடம், "அவ உங்களைக் கேட்டா" என்று அவரிடம். யாரும் யாரையும் கேட்டிருக்க மாட்டோம். அம்மா ஒயரைக் கழற்றி மாட்டியிருப்பாள்.

அதனால்தான் இந்த வீடு ஓடியது. அதனால்தான் இருமியது என்றும் சொல்லலாம்.

மார்ச் 12, வியாழன்

நேற்றிலிருந்து எரிகிறது. அம்மா தொடவில்லை. காலையில் என்னிடம், "நீயே சொல்லிடு. என் வாயால வராது" என்றாள்.

பேருந்து நிறுத்தத்தில் இறங்கவில்லை. அப்பாவின் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நீட்டினேன். "போட்டுக்கிட்டுப் பாருங்க."

போட்டார். பார்த்தார். பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது.

"எப்பலேருந்து?"

"விட்டு விட்டு ரொம்ப நாளா."

"நான் ஏன் பார்க்கலை?"

கண்ணாடியைக் கழற்றி மடித்து மறுபடி பையில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வரட்டும்" என்றார். போன் போடவில்லை. அது நல்லதா கெட்டதா?

மார்ச் 15, ஞாயிறு

எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

மதியச் சாப்பாடு. அப்பா முதல் கவளம் எடுக்கவில்லை. "மாப்பிள்ளை, வண்டியில லைட் எரியுதே" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். மோட்டார் குரல்.

அத்தான் கை தட்டிலேயே நின்றுவிட்டது. முகம் வெளுத்தது. நான் அப்பாவைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தேன். வயிற்றின்மேல் கை வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

"வாங்கறப்பவே எரிஞ்சுது மாமா" என்றார் அத்தான். எல்லோரும் நிமிர்ந்தோம். "சின்ன விஷயம், துடைச்சா போயிடும்னான் வித்தவன். துடைச்சுத்தான் கொண்டுவந்தேன். நல்ல வண்டி, விலையும் சரி. ஆனா எரியற லைட்டோட உங்ககிட்ட கொண்டுவந்து நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. அன்னையிலேருந்து ஒவ்வொரு தடவையும் ஏறினவுடனே அதைத்தான் பார்க்கறேன்."

ஆக, என் சந்தேகம் பாதி சரி. சரியாக இருந்ததில் எந்தச் சந்தோஷமும் இல்லை.

அப்பா வாயைத் திறந்தார். அந்த வாக்கியம் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அப்போது அம்மா சமையலறையிலிருந்து வந்து, சாம்பார் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அடுப்படித் துணியை வைத்து விரித்தாள். ஸ்பேனர்.

"மாப்பிள்ளை ஒரு தடவை துடைச்சார். நான் எத்தனை தடவைன்னு எனக்கே தெரியலை. திட்டறதா இருந்தா என்னைத் திட்டிட்டு அவருக்குப் போங்க."

அப்பா ஸ்பேனரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவருக்கு வாக்கியம் கிடைக்காமல் போனதை முதல்முறையாகப் பார்க்கிறேன்.

"எல்லாரும் என்கிட்டயே மறைக்கறீங்க" என்றார் கடைசியில். கோபமாக வந்திருக்க வேண்டியது, வேறு மாதிரி வந்தது. "நான் என்ன பேயா?"

"பேய்கிட்டயாவது சொல்லிடலாம்பா" என்றாள் அக்கா.

அத்தானுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்து அடக்க முடியாமல். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது அத்தானிடம், "லீவு கிடைக்குமா? செவ்வாய்க்கிழமை ரெண்டு பேருமா போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

நானும் போனேன். டாக்டர் எங்கள் மூவரையும் பார்த்ததும் ஸ்கேனரைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டார்.

அத்தான் கேட்டார், "போன தடவை சென்சாரை மாத்தினீங்களே, அது கெட்டுப்போயிருந்துதா?"

"ஸ்கேனர் அதைத்தான் காட்டுச்சு."

"காத்து அதிகமா போகுதுன்னு சென்சார் சொல்லியிருக்கு" என்றேன். "சொன்னவனையே மாத்திட்டீங்க."

"அச்சகத்துல இதெல்லாமா சொல்லித் தராங்க?" என்றார். ஆனால் தேடினார். ரொம்ப நேரம் தேடினார், சலித்துக்கொண்டே, தன் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே. கடைசியில் என்ஜினுக்குப் பின்பக்கம் விரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய், அதன் அடிப்பக்கத்தில் முடி போல ஒரு விரிசல். அதன் வழியாகக் காற்று கசிந்திருக்கிறது. மாற்றினார். என்ஜின் சத்தம் உடனே தணிந்தது, முணுமுணுப்பை நிறுத்திய ஆள் போல.

ஸ்கேனரை எடுத்தார். "வேண்டாம்" என்றேன். "சரியாயிடுச்சுன்னா, சில தடவை ஒழுங்கா ஓடினதும் வண்டி தானே அணைச்சுக்கும். தானா அணையட்டும். அப்பத்தான் நம்புவேன்."

"லைட்டோட வண்டி என் ஒர்க்‌ஷாப்பை விட்டுப் போனா என் பேரு என்னாகறது?"

அப்பா காரில் ஏறிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எரியட்டும்" என்றார்.

கிளம்பும்போது டாக்டர் ஜன்னல் பக்கம் குனிந்து என்னிடம் மெதுவாக, "அம்மாகிட்ட சொல்லு, ஸ்பேனர் திரும்ப வேணும். செட்டுல ஒண்ணு குறையுது" என்றார்.

மார்ச் 20, வெள்ளி

நேற்று, தேதிக்கு முன்னாலேயே. காலை பத்து மணிக்கு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை, அவர் ஓட்டினார். அப்பா முன்னால். பின்னால் அக்காவின் இரண்டு பக்கமும் அம்மாவும் நானும்.

மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம். வழியில் எத்தனை சிக்னல்கள்! ஒவ்வொன்றிலும் நான் என்ஜின் சத்தத்தைக் கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு சிக்னலில் ரொம்ப நேரம் நின்றோம். அக்கா என் கையை நெரித்தாள். அப்பா டாஷ்போர்டின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. வண்டி இருமவில்லை.

"மெதுவாவே போங்க மாப்பிள்ளை, ஒண்ணும் அவசரமில்லை" என்றார்.

"உங்களுக்கு இல்லப்பா" என்றாள் அக்கா.

மாலையில் பெண் குழந்தை. அத்தானின் நெற்றி. இரண்டு பேரும் நலம்.

மார்ச் 29, ஞாயிறு

அக்காவையும் குழந்தையையும் அழைத்து வந்து ஐந்து நாளாகிறது. வீடு முழுக்க ஈரத் துணி. மெய்ப்பு எதுவும் ஓடவில்லை. நேற்று ஒரு முழு வரி விடுபட்டதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

இன்று மருந்து வாங்கப் போன அப்பா, திரும்பி வந்து வாசலிலிருந்தே கத்தினார். "லைட் எங்கே?"

எல்லோரும் போய்ப் பார்த்தோம். எரிந்து, அடங்கி, இல்லை. எப்போது அணைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நேற்றா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றா? இத்தனை நாள் வேறு எதையும் பார்க்காத நாங்கள், அது போனபோது பார்க்கவில்லை.

அப்பா அம்மாவின் பக்கம் மெல்லத் திரும்பினார். "நீயா?"

"நான் தொடவே இல்லை" என்றாள் அம்மா. "ஸ்பேனரைத்தான் அன்னைக்கே குடுத்தனுப்பிட்டேனே."

ஊரில் ஸ்பேனர் ஒன்றுதானா? வந்துவிட்டது, அந்தப் பழைய எண்ணம். கருவி மாடியில் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. கொண்டுவந்து மாட்டினால் கடைசியாக எப்போது அழிக்கப்பட்டது என்று வண்டியே சொல்லிவிடும். அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டினால் அவளும் அதைப் பார்ப்பாள்.

உள்ளே குழந்தை அழத் தொடங்கியது. அம்மா சமையலறைக் கடிகாரத்தை எட்டிப் பார்த்து, "பால் குடுக்கற நேரம் ஆயிடுச்சு" என்று அவசரமாக உள்ளே போனாள். அப்பாவும் அவள் பின்னால் போனார், மருந்துப் பையோடு.

நான் மட்டும் காருக்குள் குனிந்து பார்த்தேன். அன்று நான் போனைப் பார்த்து வைத்தபடியே, காரின் கடிகாரத்தில் அந்த நேரம் வர இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.